முகங்கொடுத்துப் பேசத் தடையாகாமல் ஹெட்செட் அணிவது எப்படி?

மதுரைப் பக்கத்தில் ஒருவர் மீது உறவினர்கள் வைக்கும் குற்றச்சாட்டுகளில், கடன் வாங்கித் திருப்பித் தராததற்கு அடுத்தபடியாக நிற்பது, "வாசலேறிப் போனேன், வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்பதாகத்தான் இருக்கும். அதற்கும் அடுத்தது, "முகங்கொடுத்துப் பேசல" என்பது. இந்த இரண்டு குற்றங்களையும் தாம் அறியாமலே ஒருவரைச் செய்ய வைத்துவிடும் பொருள்கள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. காதில் செருகும் இயர்பட்ஸ், கேமரா பதித்த கண்ணாடி, முகத்தின் மேல்பாதியை மூடி, கண்முன் வேறோர் உலகைக் காட்டும் வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட் ஆகிய மூன்றையும் சொல்கிறேன். இவற்றைப் புதிதாக வாங்கியவர்களும், அலுவலகத்தில் கொடுத்துவிட்டதால் அணிய நேர்ந்தவர்களும், எதிரில் இருப்பவரைச் சங்கடப்படுத்தாமல் எப்படிப் புழங்குவது என்பதற்கே இந்த வழிகாட்டி. கருவியை இயக்கும் முறையைப் பெட்டிக்குள் இருக்கும் தாளே சொல்லிவிடும். ஊரிலிருந்து அத்தை வந்து நிற்கும்போது என்ன செய்வது என்பதை அது சொல்லாது.

இக்கருவிகளைப் பிறருக்குப் பழக்கிக் கொடுக்கும் வேலையில் நான் சில ஆண்டுகளாக இருக்கிறேன். கீழே வருபவற்றில் பாதி, நானே தவறு செய்து வாங்கிக் கட்டிக்கொண்டதில் தெரிந்துகொண்டவை.

முதலில், எதிரில் இருப்பவரின் ஐயம் எது என்று பிரித்தறியுங்கள்

மூன்று கருவிகளும் மூன்று வெவ்வேறு ஐயங்களை எழுப்புகின்றன. காதில் ஏதாவது இருந்தால், "நான் சொல்வது இவனுக்குக் கேட்கிறதா?" என்பது ஐயம். கண்ணாடியில் கேமரா இருந்தால், "என்னைப் படம் பிடிக்கிறானா?" என்பது ஐயம். முகமே மூடியிருந்தால், "இவன் என்னைப் பார்க்கிறானா, வேறெங்கோ இருக்கிறானா?" என்பது ஐயம். ஒன்றுக்கு உரிய பதிலை மற்றொன்றுக்குச் சொன்னால் சங்கடம் கூடுமே தவிரக் குறையாது. படம் பிடிக்கப்படுவதாக அஞ்சுபவரிடம், "நீங்க பேசுறது நல்லாக் கேக்குதுங்க" என்று சொல்வதில் என்ன ஆறுதல் இருக்கிறது?

புதிய கருவி என்பதாலேயே நம் மக்கள் மிரள்கிறார்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் புண்ணியத்தில், கண்புரை அறுவை செய்துகொண்டு கண்ணை முழுவதும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடியோடு பேருந்தில் ஏறும் பெரியவர்களை இந்த ஊர் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறது. அவர்களின் கண் தெரியவில்லையே என்று யாரும் முகம் சுளித்ததில்லை, எழுந்து இடம் கொடுத்துவிட்டு, "எந்தக் கண்ணு?" என்று விசாரிப்பார்கள். கண்ணாடியின் காரணம் எல்லோருக்கும் தெரிந்திருப்பதே அதற்குக் காரணம். உங்கள் கருவியின் காரணம் யாருக்கும் தெரியாது. ஆகவே அதைத் தெரிவிக்கும் பொறுப்பு அணிந்திருப்பவருக்கே உரியது. கேட்டால் சொல்லலாம் என்று காத்திருப்பதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டிருப்பார்.

வெளியே அணிந்து செல்லுமுன்

கடையிலிருந்து வந்த அன்றே எல்லோரும் அணிந்து பழகுவார்கள். நீங்கள் கழற்றிப் பழகுங்கள். இரண்டு நொடிக்குள், வலது கையில் பையோ தேநீர்க் கோப்பையோ இருக்கும்போது இடது கையால் மட்டும், கீழே போட்டுவிடாமல் கழற்ற வர வேண்டும். கழற்றியதை எங்கே வைப்பது என்பதையும் அன்றே முடிவுசெய்துவிடுங்கள். இயர்பட்ஸ் என்றால் சட்டைப் பை, கண்ணாடி என்றால் அதன் கூடு. வைக்கும் இடம் தெரியாததால்தான் பலர் கழற்றாமலே பேச்சைத் தொடர்கிறார்கள். திமிர் என்று அதற்குப் பெயர் வந்துவிடுகிறது.

அடுத்து, வீட்டில் உள்ள மூத்தவரிடம் கருவியைக் கையில் கொடுங்கள். கேமராக் கண்ணாடி என்றால், அவரையே ஒரு படம் எடுத்து, எடுக்கும்போது எரியும் விளக்கு எது என்று காட்டி, எடுத்த படத்தைத் தொலைபேசியில் திறந்து காட்டி, அவர் பார்க்கவே அழித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்த வீட்டில், பின்னால் விருந்தாளி யாராவது முகம் சுளிக்கும்போது, உங்களுக்கு முன்பாக உங்கள் அம்மாவே விளக்கம் சொல்லிவிடுவார்.

காதில் இருப்பவை

தனித்து இசை கேட்பது எதிரில் இருப்பவரை அவமதிப்பதாகுமோ என்ற கவலை பழையது. 1979 ஜூலையில் சோனி நிறுவனம் வெளியிட்ட முதல் வாக்மேன் என்ற கையடக்கக் கேசட் கருவியில் இரண்டு பேர் சேர்ந்து கேட்கும்படி இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன. கூடவே ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்றும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டின் ஒலி தணிந்து, எதிரில் பேசுபவரின் குரல் மைக் வழியாகக் காதில் விழும். ஒருவர் மட்டும் தனியே கேட்பது மரியாதைக் குறைவாகப் படும் என்று நிறுவனத்தை நடத்திய அக்கியோ மொரிட்டா எண்ணியதே இதற்குக் காரணம். பின்னால் வந்த மாதிரிகளில் அந்தப் பொத்தான் காணாமல் போயிற்று. வெளியாள் பார்வையில் அந்தப் பொத்தானுக்கு ஒரு பெருமை உண்டு: அதை அழுத்தும் விரல் எதிரில் இருப்பவரின் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்றைய இயர்பட்ஸ் பலவற்றில் வெளி ஒலியை உள்ளே விடும் வசதி உண்டு. நாம் பேசத் தொடங்கினால் பாட்டைத் தானே தணிக்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. புதியவர்கள் இவற்றை நம்பி ஏமாறுகிறார்கள். முதலாவது, அந்த வசதி இயங்குவது உங்களுக்கு மட்டுமே தெரியும். பார்ப்பவருக்குக் காதில் அடைப்பு இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது, தானே தணியும் வசதி உங்கள் குரலைக் கேட்டுத்தான் விழித்துக்கொள்ளும், எதிரில் இருப்பவரின் குரலுக்கு அன்று. அவர் முதலில் பேசினால், அவர் சொன்ன முதல் வாக்கியம் பாட்டோடு போய்விடும்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்து விழாவில், சொந்தக்காரர்கள் என்னை மொய் எழுதும் மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். என் வலது காதில் ஓர் இயர்பட் இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். அதில் எதுவும் ஓடவில்லை. ஒரு பெரியவர் வந்து, நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்துவிட்டு, ஊர், பெயர், தொகை என்று வரிசையாகச் சொன்னார். ஊர்ப் பெயர் சரியாக விழவில்லை. "ஊரு எதுங்கய்யா?" என்று கேட்டேன். அவர் பார்வை என் முகத்திலிருந்து காதுக்கு நகர்ந்தது. "பாட்டக் கேட்டு முடிச்சிட்டு எழுதுப்பா, நான் நிக்கிறேன்" என்றார். உண்மையில் மொய் மேசையில் ஊரைத் திரும்பக் கேட்காதவர் கிடையாது. ஒலிபெருக்கிச் சத்தத்தில் முதல் தடவையிலேயே யாருக்கும் விளங்காது. வேறொரு நாள் வெறும் கேள்வியாகப் போயிருக்க வேண்டியதை, புளியங்கொட்டை அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு அவமரியாதையாக்கிவிட்டது. எதுவும் ஓடவில்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நம்ப அவருக்கு என்ன வழி இருக்கிறது?

எனவே செய்ய வேண்டியது இதுதான். யாராவது உங்களை நோக்கி வருவது தெரிந்தவுடன், அவர் வாயைத் திறக்குமுன் ஒன்றைக் கழற்றுங்கள். பேச்சு ஒரு நிமிடத்துக்கு மேல் நீளும் என்று தெரிந்தால் இரண்டையும் கழற்றுங்கள். கழற்றியதை உடனே பைக்குள் மறைக்காமல் சில நொடிகள் உள்ளங்கையில் வைத்திருங்கள். கீழமாசி வீதி மளிகைக் கடையில் கணக்குச் சொல்பவர், ஷேர் ஆட்டோவில் சில்லறை கேட்பவர் போன்ற சிறு உரையாடல்களுக்கும் இது பொருந்தும். அழைப்பில் பேசிக்கொண்டே நடப்பவர்கள் ஒரு கையைக் காதருகே வைத்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் எதிரே வருபவர், "என்னையவா கேட்டீங்க?" என்று நின்றுவிடுவார். வண்டி ஓட்டும்போது ஹெல்மெட்டுக்குள் இயர்பட்ஸ் வேண்டவே வேண்டாம். அது மரியாதையைத் தாண்டி உயிர் பற்றிய செய்தி.

கேமராக் கண்ணாடி

மிகவும் கவனமாக இருக்க வேண்டிய கருவி இது. ஏனெனில் பார்வைக்கு இது சாதாரணக் கண்ணாடியைப் போலவே இருக்கிறது. கூகுள் நிறுவனம் 2013இல் 1,500 டாலருக்குத் தன் கண்ணாடியை முதலில் சிலருக்கு விற்றபோது, அது கண்ணாடி போலவே இல்லை; நெற்றியோரம் துருத்திக்கொண்டு நின்றது. இருந்தும் அதே ஆண்டு சியாட்டில் நகரின் மதுக்கூடம் ஒன்று அதை அணிந்து வருவோரைத் தடைசெய்தது. அதை அணிந்து நடமாடியவர்களைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு வசைச்சொல்லே பிறந்தது. 2014 பிப்ரவரியில் அந்நிறுவனமே, எரிச்சலூட்டும்படி நடந்துகொள்ளாதீர்கள் என்று தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவுரை வெளியிட வேண்டி வந்தது. 2015 ஜனவரியில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. இப்போது கிடைப்பவை அந்தப் பாடத்தை வேறு விதமாகப் படித்துக்கொண்டவை. 2025 மே மாதத்தில் இந்தியாவில் 29,900 ரூபாயில் விற்பனைக்கு வந்த ரேபான் மெட்டா கண்ணாடியை ஐந்தடி தூரத்தில் இனங்காண்பது கடினம். துருத்தாமல் இருப்பது அணிபவருக்கு வசதி. பார்ப்பவருக்கோ எச்சரிக்கை குறைந்துபோயிற்று.

படம் எடுக்கும்போது அதன் முகப்பில் சிறு வெள்ளை விளக்கு எரியும். விளக்கை மூடினால் படம் எடுக்க முடியாதபடி செய்திருக்கிறார்கள். ஆனால் மதுரை வெயிலில், நண்பகலில், அந்த விளக்கு எரிவதை எத்தனை பேர் கவனிப்பார்கள்? அந்த விளக்கைச் செயலிழக்கச் செய்து தரும் ஆள் இருப்பதாக 2025இல் வெளிநாட்டுச் செய்தியும் வந்தது. ஆகவே, "லைட் எரிஞ்சா மட்டும்தாங்க எடுக்கும்" என்பது பெரும்பாலும் உண்மையானாலும், அதையே பதிலாக நம்பியிருக்காதீர்கள். படம் எடுக்க வேண்டுமானால் வாயால் கேட்டு, கையால் சைகை காட்டி, பிறகு எடுங்கள். தொலைபேசியை உயர்த்திப் பிடிக்கும்போது அந்தச் சைகை தானாக நிகழ்ந்துவிடுகிறது. கண்ணாடியில் அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

கழற்றிக் கூட்டில் வைத்துவிட வேண்டிய இடங்கள் சில உள்ளன. இவற்றில் விவாதத்துக்கு இடமில்லை என்பது என் கருத்து. மருத்துவமனை, துணிக்கடையின் உடை மாற்றும் அறை இருக்கும் பகுதி, விடுதிகள், ஆற்றிலோ கிணற்றிலோ குளிக்கும் துறை, துக்க வீடு. குளிக்கும் துறைப் பக்கம் அணைத்து வைத்த கண்ணாடியோடு நடந்தாலும் தப்புதான். அணைத்திருக்கிறது என்பது உங்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. ஒருவரது சம்மதமின்றி அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. ஆனால் ஊரில் சட்டத்துக்கு முன்னால் ஆட்கள் வந்துவிடுவார்கள்.

கோயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலில் 2018 பிப்ரவரி 2 அன்று வீரவசந்தராயர் மண்டபம் தீப்பற்றிய பிறகு, செல்போன்கள் உள்ளே செல்லத் தடை வந்தது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்கள் அனைத்திலும் செல்போனைத் தடைசெய்ய உத்தரவிட்டது. கேமராக் கண்ணாடியும் அதே கணக்கில்தான் சேரும் என்று நீங்களே எடுத்துக்கொண்டு, செல்போனோடு வெளியிலேயே ஒப்படைத்துவிடுங்கள். இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பார்வைக் குறைபாட்டுக்கான பவர் லென்ஸை இந்தக் கண்ணாடியிலேயே போட்டுக்கொண்டவருக்கு, அதைக் கழற்றினால் படிக்கட்டு தெரியாது. கழற்றவும் முடியாமல், உள்ளே போகவும் முடியாமல் கோபுர வாசலில் நிற்க வேண்டியதுதான். கேமரா இல்லாத பவர் கண்ணாடி ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள். பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாதீர்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் முதல் வகுப்பிலேயே சொல்கிறேன்.

சித்திரைத் திருவிழா, அலங்காநல்லூர் சல்லிக்கட்டு போன்ற கூட்டங்களில் ஆயிரம் கேமராக்கள் இருக்கும். அங்கே உங்கள் கண்ணாடியால் யாருக்கும் புதிய சங்கடம் வராது. ஆனால் கூட்டத்திலிருந்து விலகி, ஓரமாக உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டும் பெண்ணிடம் வழி கேட்கப் போகும்போது, அதை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள்.

முகத்தை மூடும் ஹெட்செட்

இதை வெளியே அணிந்து செல்வோர் நம் ஊரில் அரிது. சங்கடம் எல்லாம் வீட்டுக்குள்ளேயும் அலுவலகத்திலும்தான். மெட்டா குவெஸ்ட் 3 சுமார் 515 கிராம் எடை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் 3,499 டாலருக்கு விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் புரோ 600 கிராமுக்கும் மேல். இரண்டிலுமே கேமராக்கள் வழியாக வெளியுலகை உள்ளிருந்தபடியே பார்க்க முடியும். ஆப்பிள் ஒரு படி மேலே போய், அணிந்திருப்பவரின் கண்களை முன்பக்கத் திரையில் காட்டுகிறது. ஆனால் அவை கணினி வரைந்து காட்டும் கண்கள். அந்த ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்களுக்கு எதிரில் இருப்பவர் தெரிகிறார், அவருக்கோ நீங்கள் தெரிவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வைத் திரையில் வரைந்த கண்கள் சரிசெய்யாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலூரிலிருந்து வந்த என் அத்தை, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்து, கூடத்தின் நடுவில் நான் காற்றில் கைகளை வீசிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. நான் கழற்றியபோது, நாற்காலியின் விளிம்பில், முறுக்குப் பையை மடியிலேயே வைத்தபடி, எழுந்து போகிறவர் போல உட்கார்ந்திருந்தார். என் கண்களைச் சுற்றி ஹெட்செட் பதிந்த சிவப்பு வளையம். "கண்ணு வலியாடா?" என்று முதலில் கேட்டார். விளக்கம் சொன்ன பிறகுதான் கோபம் வந்தது. "அப்ப நான் நிக்கிறது தெரியாமத்தான் ஆடுனியா, தெரிஞ்சே ஆடுனியா?" என்று அவர் கேட்டதற்கு இன்றுவரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து நான் பின்பற்றுவதும் பிறருக்குச் சொல்வதும் இவை. அணியுமுன் வெளிக்கதவைச் சாத்துங்கள், வந்தவர் தட்டட்டும். வீட்டில் இருக்கும் ஒருவரிடம், "அரை மணி நேரம் இதுக்குள்ள இருப்பேன்" என்று சொல்லிவிட்டு அணியுங்கள். முதுகைச் சுவருக்கும் முகத்தை வாசலுக்கும் வைத்து நில்லுங்கள். உங்களைக் கூப்பிட வேண்டுமானால் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், பதில் வராவிட்டால் மட்டும் முன்பக்கத்திலிருந்து முன்கையைத் தொட வேண்டும் என்று வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். பின்னாலிருந்து தோளைத் தட்டினால் வீசும் கை அவர்கள் முகத்தில்தான் படும். உள்ளே நீங்கள் காண்பதைத் தொலைக்காட்சித் திரையில் காட்டும் வசதி இருந்தால், வீட்டில் ஆள் இருக்கும்போதெல்லாம் அதைப் போட்டுவிடுங்கள். நீங்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் என்பது தெரிந்துவிட்டால், பாதிச் சங்கடம் போய்விடும்.

விருந்தாளி வந்துவிட்டால், வெளியுலகைக் காட்டும் பொத்தானைத் தட்டிவிட்டு அந்தப் பெட்டியோடே, "வாங்க" என்று சொல்லாதீர்கள். முழுதாகக் கழற்றி, கீழே வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

பிறருக்கு அணிவித்துக் காட்டுவதும் தனிக்கலை. நெற்றியில் திருநீறோ குங்குமமோ இருந்தால், ஹெட்செட்டின் பஞ்சு அதை அழித்துவிடும், அழிந்தபின் மன்னிப்புக் கேட்பதைவிட, "கோயிலுக்குப் போற வழியா? அப்ப இன்னொரு நாள் பாக்கலாம்" என்று முன்பே விட்டுவிடலாம். கொண்டையும் மல்லிகைச் சரமும் பின்பட்டைக்கு ஒத்துவராது; பட்டையை முழுதாகத் தளர்த்தி, கொண்டைக்குக் கீழே போகும்படி அவர்களையே மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பெண்களின் தலையில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். வயதில் மூத்தவர்களிடமும் கேட்டுவிட்டே தொடுங்கள். தலையெண்ணெய் படிந்த பஞ்சை ஒவ்வொருவருக்குப் பின்னும், அடுத்தவர் பார்க்கவே துடையுங்கள். முதல்முறை அணிபவரை நாற்காலியில் உட்கார வைத்து, அசையாத காட்சியாகக் காட்டி, ஐந்து பத்து நிமிடத்தில் கழற்றிவிடுங்கள். கண் அசைவைக் காண்பதும் உடல் அசையாதிருப்பதும் முரண்படுவதால் சிலருக்குக் குமட்டும். அவர்கள் பயந்து அலறுவதைச் சுற்றி நிற்பவர்கள் செல்போனில் எடுக்க அனுமதிக்காதீர்கள். கண் கட்டப்பட்ட ஒருவரைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டமாக அது ஆகிவிடும். அவர் மறுபடி உங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டார். சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். மெட்டா 10 வயதையும் ஆப்பிள் 13 வயதையும் கீழ்வரம்பாக வைத்திருக்கின்றன.

யாராவது கேட்டால்

"தம்பி, இது என்ன, படம் புடிக்குதா?" என்று யாராவது கேட்டால், பதிலைக் கையால் தொடங்குங்கள்: கழற்றிவிட்டுப் பேசுங்கள். விலையைச் சொல்லித் தொடங்காதீர்கள். அதன் பிறகு எதைச் சொன்னாலும் பெருமையடிப்பதாகவே விழும். "படம் எடுக்கும்ங்கய்யா, இப்ப எடுக்கல, இந்தா அணைச்சிட்டேன்" என்பது போதும். எடுத்திருந்தால் எடுத்தேன் என்று சொல்லி, அவர் முன்னாலேயே அழித்துக் காட்டுங்கள். கேட்டவரிடம், பொது இடத்தில் எடுக்க எனக்கு உரிமை உண்டு என்று வாதாடியவர் எவரும் அந்த வாதத்தில் வென்று நான் பார்த்ததில்லை.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சங்கடமாக இருந்தால் கேட்டுவிடுங்கள், "அதக் கொஞ்சம் கழட்டிட்டுப் பேசலாமா?" என்பதில் தவறு ஒன்றும் இல்லை. காதில் இருப்பது செவித்திறன் குறைந்தவருக்கான கருவியாகவும் இருக்கலாம் என்பதால் குரலில் கடுமை வேண்டாம். கழற்றினால் கண் தெரியாது என்று அவர் சொன்னால், அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ரேபான் மெட்டாவில் இடது கைப்பிடியின் உட்புறம் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. அதைத் தள்ளினால் கண்ணாடி வெறும் கண்ணாடியாகிவிடும். அணிந்திருப்பவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அதைத் தள்ளினால், தள்ளும் அந்த ஒரு கணத்திலாவது இருவருக்கும் ஒருவர் முகம் மற்றவருக்கு முழுதாகத் தெரிந்திருக்கும்.